‘என்ன குழந்தை?’: அதற்கு முன் அம்மாவிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

பிரசவ வார்டு கதவு லேசாகத் திறந்தால் போதும், வெளியே மணிக்கணக்கில் காத்திருக்கும் குடும்பம் மொத்தமும் எழுந்து நிற்கும். நர்ஸ் வாயைத் திறப்பதற்குள் கேள்வி வந்துவிடும்: “என்ன குழந்தை?” கருவில் இருக்கும்போதே பாலினத்தைச் சொல்வது சட்டப்படி குற்றம் என்பதால், நம் ஊரில் ஒன்பது மாத ஆர்வமும் அந்த ஒரு நொடியில்தான் வந்து முட்டும்.

மிகச் சில குடும்பங்களுக்கு அந்தக் கேள்விக்கு உடனே பதில் கிடைக்காது. “கொஞ்சம் டெஸ்ட் எடுக்கணும்” என்பார் டாக்டர். குழந்தையின் வெளி உறுப்பைப் பார்த்து ஆணா, பெண்ணா என்று சொல்ல முடியவில்லை என்பதுதான் விஷயம். அடுத்த அரை மணி நேரத்தில் காரிடாரில் வேறு கேள்விகள் ஆரம்பித்துவிடும். “மாசமா இருக்கும்போது என்ன மாத்திரை சாப்பிட்டா?”, “கிரகணத்தப்போ வெளியே வந்தாளா?”, “அவங்க வீட்டுல இப்படி யாருக்காவது இருக்கா?” எல்லாக் கேள்வியும் அம்மாவைப் பற்றியது. ஒன்றுகூட அம்மாவிடம் கேட்கப்படுவதில்லை.

ஆனால் அம்மாவிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்மையிலேயே இருக்கிறது: “மாசமா இருந்தப்போ உங்க குரல் மாறுச்சா? முகத்துல முடி வளர்ந்துச்சா?”

விசித்திரமாகத் தோன்றும் இந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது நஞ்சுக்கொடியில் வேலை செய்யும் ஒரு என்சைம். பெயர் அரோமடேஸ். அது என்ன செய்கிறது என்று புரிந்துவிட்டால், அம்மாவைப் பழிப்பது ஏன் தவறு, குழந்தைக்கு அவசரமாகக் கத்தி வைப்பது ஏன் தவறு என்ற இரண்டும் சேர்ந்தே புரியும்.

அரோமடேஸ் என்பது என்ன?

டெஸ்டோஸ்டிரோன் என்றால் ஆண் ஹார்மோன், ஈஸ்ட்ரோஜன் என்றால் பெண் ஹார்மோன். பள்ளிப் பாடம் முதல் ஜிம் விளம்பரம் வரை இப்படித்தான் சொல்லித் தருகிறார்கள். இரண்டும் எதிரெதிர் துருவங்கள் என்ற எண்ணம் மனதில் பதிந்துபோகிறது.

உடலின் கெமிஸ்ட்ரி வேறு கதை சொல்கிறது. ஈஸ்ட்ரோஜன் தயாரிக்க மூலப்பொருளே டெஸ்டோஸ்டிரோன் வகை ஹார்மோன்கள்தான். இந்த வகைக்கு ஆண்ட்ரோஜன் என்று பொதுப் பெயர். ஆணோ, பெண்ணோ, யார் உடலாக இருந்தாலும் ஆண்ட்ரோஜன் இல்லாமல் ஈஸ்ட்ரோஜன் இல்லை. மாவு இல்லாமல் தோசை இல்லை என்பதுபோல.

மாவைத் தோசையாக்கும் கல்தான் அரோமடேஸ். ஆண்ட்ரோஜனில் 19 கார்பன் அணுக்கள் இருக்கும். அரோமடேஸ் மூன்று படிகளில் வேலை செய்து அதில் ஒன்றைக் கழற்றிவிடுகிறது. 18 கார்பனோடு மிஞ்சுவது ஈஸ்ட்ரோஜன். கழன்று விழும் அந்த ஒரு கார்பன் ஃபார்மிக் அமிலமாக வெளியேறுகிறது. எறும்புக் கடியில் சுருக்கென்று எரிவதும் இதே அமிலம்தான். மாற்றம் இவ்வளவு சின்னதாகத் தெரிந்தாலும் விளைவு பெரியது. ஒரு ஹார்மோன் குரலைக் கரகரப்பாக்கும். அதிலிருந்து பிறந்த இன்னொன்று கருப்பையை வளர்க்கும்.

சினைப்பை, கொழுப்பு, எலும்பு, மூளை, ஆண்களின் விதைப்பை எனப் பல இடங்களில் அரோமடேஸ் உண்டு. மார்பகப் புற்றுநோய்க்கும் குழந்தையின்மை சிகிச்சைக்கும் எழுதித் தரப்படும் லெட்ரோசோல் மாத்திரை தடுப்பதும் இதே என்சைமைத்தான். ஆனால் கர்ப்ப காலத்தில் இது முழு வேகத்தில் இயங்குவது நஞ்சுக்கொடியில்தான்.

இந்தக் கதையில் ஒரு சுவாரஸ்யம், ஈஸ்ட்ரோஜன் குடும்பமே உலகுக்குத் தெரியவந்தது கர்ப்பிணிகளால்தான் என்பது. 1929-ல் அமெரிக்காவில் எட்வர்ட் டாய்சியும், ஜெர்மனியில் அடால்ஃப் புட்டனான்ட்டும் தனித்தனியாக ஈஸ்ட்ரோனைப் பிரித்தெடுத்தார்கள். இருவரும் பயன்படுத்தியது கர்ப்பிணிகளின் சிறுநீர். அதில்தான் அது அவ்வளவு அதிகமாக இருந்தது. 30 ஆண்டுகள் கழித்து, 1959-ல் கென்னத் ரயான் மனித நஞ்சுக்கொடியை எடுத்து, அது ஆண்ட்ரோஜனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது என்று காட்டினார். அந்த என்சைமின் முழு வடிவம் வெளியானது 2009-ல். தேபாஷிஸ் கோஷ் தலைமையிலான குழு, மனித நஞ்சுக்கொடியிலிருந்தே அரோமடேஸைச் சுத்திகரித்து, அதன் படிக அமைப்பை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டது. பிரசவம் முடிந்ததும் மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் போய் விழும் உறுப்புதான் இத்தனை அறிவியலுக்கும் மூலம்.

அம்மா, குழந்தை, நஞ்சுக்கொடி: மூணு பேர் சமையல்

நஞ்சுக்கொடிக்கு ஒரு குறை உண்டு. ஈஸ்ட்ரோஜனைத் தயாரிக்கத் தெரியும், அதற்கு வேண்டிய ஆண்ட்ரோஜனைத் தயாரிக்கத் தெரியாது. அந்தப் படிக்கான என்சைம் மனித நஞ்சுக்கொடியில் இல்லை. அதனால் மாவை வெளியிலிருந்து வாங்க வேண்டியிருக்கிறது.

கொடுப்பவர்கள் இருவர். ஒருவர் அம்மா. இன்னொருவர், வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையேதான்! சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி, சிசுவுக்கு அதன் உடல் எடையோடு ஒப்பிட்டால் பெரியவர்களுடையதைவிடப் பல மடங்கு பெரியது. அது டிஹெச்இஏ சல்ஃபேட் என்ற பொருளைச் சுரந்துகொண்டே இருக்கிறது. குழந்தையின் கல்லீரல் அதில் ஒரு சின்ன மாற்றம் செய்து அனுப்ப, நஞ்சுக்கொடி அதை வாங்கி எஸ்ட்ரியோல் என்ற ஈஸ்ட்ரோஜனாக மாற்றி அம்மாவின் ரத்தத்தில் விடுகிறது. பிரசவம் நெருங்கும்போது அம்மாவின் ரத்தத்தில் ஓடும் எஸ்ட்ரியோலில் சுமார் 90 சதவீதத்துக்கு மூலப்பொருள் குழந்தையிடமிருந்து வந்தது. கர்ப்பத்துக்கு முந்தைய அளவோடு ஒப்பிட்டால் எஸ்ட்ரியோல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு கூடுகிறது.

குழந்தையும் நஞ்சுக்கொடியும் சேர்ந்து ஒரே தொழிற்சாலையாக இயங்குகின்றன என்ற இந்தப் பார்வையை 1960-களில் நிலைநிறுத்தியவர், ஸ்வீடனில் பணியாற்றிய எகோன் டிட்ஸ்ஃபலூசி. நான்கைந்து மாதத்தில் எடுக்கும் ‘குவாட்ரப்பிள் டெஸ்ட்’ ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியவர்கள், அதில் எஸ்ட்ரியோல் என்று ஒரு வரி இருப்பதைப் பார்த்திருக்கலாம். அம்மாவின் கையில் எடுத்த ரத்தத்தில் தெரிவது, உள்ளே மூன்று தரப்பும் சேர்ந்து செய்த சமையலின் கணக்கு.

ஈஸ்ட்ரோஜன் தயாரிப்பா, ஆண்ட்ரோஜன் காவலா?

இவ்வளவு ஈஸ்ட்ரோஜன் தயாராகிறது என்றால், அது இல்லாவிட்டால் கர்ப்பமே நிலைக்காது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. நஞ்சுக்கொடியில் அரோமடேஸ் வேலை செய்யாத கர்ப்பங்களும் மாதம் நிறைந்து பிரசவம் வரை போயிருக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் மிகக் குறைவாக இருந்தும் குழந்தை வளர்ந்திருக்கிறது. ஆனால் வேறொன்று நடந்திருக்கிறது. தயாரிப்பு நின்றதைவிட, மூலப்பொருள் தேங்கியதுதான் பிரச்சினை ஆனது.

வீட்டுத் தொட்டியில் தண்ணீர் வந்துகொண்டே இருந்து, வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? அதுதான் இங்கேயும். குழந்தையின் அட்ரீனல் நிறுத்தாமல் அனுப்புகிறது. நஞ்சுக்கொடியால் அதை ஈஸ்ட்ரோஜனாக மாற்ற முடியவில்லை. ஆண்ட்ரோஜன்களும் டெஸ்டோஸ்டிரோனும் நிரம்பி, இரண்டு பக்கமும் வழிகின்றன. ஒரு பக்கம் அம்மா. இன்னொரு பக்கம் குழந்தை.

1991-ல் ஜப்பானிய மருத்துவர்கள் பதிவு செய்த ஒரு கர்ப்பம்தான் இதை உலகுக்குக் காட்டியது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அந்தத் தாயின் உடலில் ஆண்மைக்குரிய மாற்றங்கள் படிப்படியாகத் தோன்றின. பிறந்த பெண் குழந்தையின் வெளி உறுப்பு பெண்ணுடையது என்று சொல்ல முடியாதபடி இருந்தது. பிரசவத்துக்குப் பிறகு தாயின் மாற்றங்கள் மெல்ல மறையத் தொடங்கின. நஞ்சுக்கொடியைச் சோதித்தபோது அரோமடேஸ் செயல்பாடு இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. அடுத்த ஆண்டே ஜீனில் இருந்த பிழையும் கண்டுபிடிக்கப்பட்டது. என்சைமின் நடுவில் 29 அமினோ அமிலங்கள் தேவையில்லாமல் செருகப்பட்டிருந்தன. ஒரு வாக்கியத்தின் நடுவே சம்பந்தமில்லாத ஒரு வரி ஒட்டிக்கொண்டதுபோல.

உலகம் முழுவதும் பதிவானவை மிகக் குறைவு, அந்த அளவுக்கு இது அரிது. ஆனால் அந்த அரிதான கர்ப்பங்கள்தான், மற்ற எல்லாக் கர்ப்பங்களிலும் சத்தமில்லாமல் நடக்கும் ஒன்றைக் காட்டிக் கொடுத்தன. அரோமடேஸ் ஒரு தயாரிப்பாளர் மட்டும் இல்லை, வாசலில் நிற்கும் காவலாளியும்கூட. குழந்தையின் ஆண்ட்ரோஜன் அம்மாவை எட்டாமலும், அம்மாவின் ஆண்ட்ரோஜன் குழந்தையை எட்டாமலும் நடுவில் நின்று மாற்றிவிடுகிறது. கர்ப்பத்தில் அதிகரிக்கும் ஒரு ரத்தப் புரதமும் டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்து வைத்து இந்தக் காவலுக்குத் துணை நிற்கிறது.

இதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. பெண் குரோமோசோமோடு பிறக்கும் குழந்தைகளின் வெளி உறுப்பில் இப்படிக் குழப்பம் ஏற்பட மிகப் பொதுவான காரணம் சிஏஹெச் எனப்படும் பிறவி அட்ரீனல் கோளாறு. இதில் சிசுவின் அட்ரீனல் அளவுக்கு மீறி ஆண்ட்ரோஜனைச் சுரக்கும். ஆனாலும் அம்மாவுக்கு மீசை அரும்புவதில்லை, குரல் மாறுவதில்லை. காரணம், நஞ்சுக்கொடியின் அரோமடேஸ் நன்றாக இருக்கிறது. வருவதையெல்லாம் மாற்றித் தள்ளிவிடுகிறது.

முதலில் சொன்ன அந்தக் கேள்வியின் மதிப்பு இங்கேதான் தெரிகிறது. குழந்தையின் உறுப்பு வித்தியாசமாக இருந்து, அம்மாவின் உடலிலும் மாற்றங்கள் நடந்திருந்தால், சிஏஹெச்சைத் தாண்டி யோசிக்க வேண்டும் என்று அர்த்தம். அரோமடேஸ் குறைபாடாக இருக்கலாம். அரோமடேஸுக்கு எலக்ட்ரான் கொடுத்து இயக்கும் இன்னொரு புரதத்தின் குறைபாடாக இருக்கலாம். கர்ப்ப காலத்தில் அம்மாவின் சினைப்பையில் வந்த கட்டியாகவும் இருக்கலாம். ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதில், டாக்டர் போக வேண்டிய பாதையையே மாற்றும். அதற்குச் செலவு ஒரு பைசாகூட இல்லை.

அப்ப தப்பு யார் மேல?

யார் மேலும் இல்லை. ஆனால் இந்த ஒரு வரியைக் குடும்பங்கள் நம்பாது. காரணத்தோடு சொன்னால் ஒருவேளை நம்பலாம்.

முதல் விஷயம், நஞ்சுக்கொடி அம்மாவின் உறுப்பு என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அது பெரும்பகுதி குழந்தையின் உறுப்பு. கருவுற்ற ஒரே முட்டையிலிருந்து ஒரு பகுதி குழந்தையாகவும் ஒரு பகுதி நஞ்சுக்கொடியாகவும் வளர்கிறது. நஞ்சுக்கொடியில் இருக்கும் ஜீன்கள் குழந்தையின் ஜீன்கள். அதாவது, பாதி அப்பாவுடையது.

இரண்டாவது, அரோமடேஸுக்கான ஜீன் இருப்பது 15-வது குரோமோசோமில். எக்ஸ், ஒய் குரோமோசோம்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த ஜீனின் இரண்டு பிரதிகளிலும் பிழை இருந்தால்தான் குறைபாடு வரும். ஒன்று அம்மாவிடமிருந்து, இன்னொன்று அப்பாவிடமிருந்து. இருவரும் பிழையுள்ள ஒரு பிரதியை மட்டும் சுமப்பவர்கள் என்பதால் அவர்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. தங்களிடம் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அப்படிப்பட்ட தம்பதிக்கு ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. “அவங்க வீட்டுல இப்படி யாருக்காவது இருக்கா?” என்ற கேள்வியை அம்மா வீட்டுப் பக்கம் மட்டும் திருப்புவதில் அறிவியல் கிடையாது. மாமன் மகள், அத்தை மகன் உறவில் நடந்த திருமணம் என்றால், இருவரும் ஒரே பிழையைச் சுமக்கும் வாய்ப்பு கூடுகிறது. அங்கேயும் இரண்டு பேர் பங்கும் சமம்தான்.

மூன்றாவது, உணவு. பப்பாளி, அன்னாசி, கிரகணம், சத்து மாத்திரை, இவற்றில் எதுவும் இந்த ஜீனைத் தொடுவதில்லை. கர்ப்பம் தரித்த அன்றே எழுதப்பட்ட எழுத்து அது. அம்மா செய்த எதனாலும் வந்ததில்லை, செய்யாமல் விட்ட எதனாலும் வந்ததில்லை.

உண்மையில் இந்தக் கதையில் அம்மாவும் பாதிக்கப்பட்டவர். தன் உடம்பு தன் கண் முன்னே மாறுவதை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தவர். யாரிடமும் சொல்லக் கூச்சப்பட்டு, த்ரெட்டிங்கும் துப்பட்டாவுமாகச் சமாளித்திருக்கக் கூடியவர். அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது அநியாயம். அவர்தான் முக்கிய சாட்சி.

“மாசமா இருந்தா இதெல்லாம் சகஜம்”

இந்தச் சாட்சியின் குரல் ஏன் பதிவாவதில்லை? ஒரு காரணம், கர்ப்பிணியின் உடம்பில் என்ன நடந்தாலும் ‘சகஜம்’ என்று சொல்லி முடித்துவிடும் பழக்கம். இன்னொன்று, அதையே ஜோசியமாக்கும் பழக்கம். வயிறு கூம்பியிருந்தால் பையன், முகம் பளிச்சென்று இருந்தால் பொண்ணு என்று பேசும் ஊரில், அம்மாவின் உடலில் தெரியும் அறிகுறி மருத்துவத் தகவலாக மாறுவதற்குள் விளையாட்டுப் பேச்சாகிவிடுகிறது.

இங்கே பயத்தைக் கிளப்பவும் கூடாது. கர்ப்ப காலத்தில் லேசாக முடி வளர்வதும், பரு வருவதும் நிறைய பேருக்கு நடக்கும். பிசிஓஎஸ் இருந்தவர்களுக்கு முன்பிருந்தே முகத்தில் முடி இருக்கலாம். கண்ணாடியில் இரண்டு முடி தெரிந்ததும் கூகுளில் தேடிப் பதற வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது வேகமும் சேர்க்கையும். கர்ப்பத்தின் பின்பாதியில் குரல் தடிக்கிறது, தாடை, மேலுதடு, வயிறு எனக் கரும்முடி வேகமாகப் பரவுகிறது, பரு அதிகமாகிறது என்று எல்லாம் சேர்ந்து வந்தால், அதை டாக்டரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். டாக்டரும் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் அவசியம். “எனக்கு எதுவும் ஆகலையே” என்று அம்மா சொன்னால், அரோமடேஸ் குறைபாடு இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. என்சைம் துளியளவு வேலை செய்தாலும் அம்மாவைக் காப்பாற்ற அது போதுமானதாக இருக்கலாம். “ஆமாம்” என்ற பதில் வழிகாட்டும். “இல்லை” என்ற பதில் கதவை மூடாது. உறுதிப்படுத்துவது குழந்தையின் ரத்தத்தில் எடுக்கும் ஹார்மோன், குரோமோசோம், ஜீன் பரிசோதனைகள்தான்.

ஆனால் அம்மாவிடம் இருக்கும் ஆதாரத்துக்கு ஆயுள் குறைவு. நஞ்சுக்கொடி வெளியே வந்துவிட்டால் அம்மாவின் ஹார்மோன் அளவுகள் வேகமாக மாறிவிடும். கேட்பதும், ரத்தம் எடுப்பதும் பிரசவத்தை ஒட்டியே நடக்க வேண்டும். இதற்குப் புதுத் திட்டமோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. மாதாமாதம் கர்ப்பிணியைப் பார்க்கும் கிராம சுகாதார செவிலியரும், செக்கப் செய்யும் டாக்டரும் ரத்த அழுத்தம், எடை, வீக்கம் கேட்பதோடு இந்த ஒரு கேள்வியையும் சேர்த்து, பதிலைத் தாய்–சேய் நல அட்டையில் ஒரு வரி எழுதினால் போதும். அந்த ஒரு வரி என்றாவது ஒரு குழந்தையின் வாழ்க்கையில் பெரிய சாட்சியாக நிற்கும்.

டெஸ்ட் அவசரம், கத்தி அவசரமில்லை

குழந்தையின் பாலினம் தெளிவாகத் தெரியாதபோது இரண்டு வகை அவசரங்கள் கிளம்பும். ஒன்று நியாயமானது. சிஏஹெச்சின் ஒரு வகையில் உடலில் உப்புச்சத்து வெளியேறி, பிறந்த முதல் சில வாரங்களுக்குள் குழந்தையின் உயிருக்கே ஆபத்து வரலாம். அதனால் ரத்தப் பரிசோதனையை ஒரு நாள்கூடத் தள்ளிப் போடக் கூடாது.

இன்னொரு அவசரம் மருத்துவம் சார்ந்ததே இல்லை. பிறப்பை 21 நாளில் பதிய வேண்டும், பெயர் வைக்க வேண்டும், தொட்டில் போட வேண்டும், ‘ஊர் என்ன சொல்லும்’ என்ற பயம் வேறு. “ஒரு ஆபரேஷன் பண்ணி சரி பண்ணிடுங்க டாக்டர்” என்ற கோரிக்கை இங்கிருந்துதான் வருகிறது.

இந்த இரண்டாவது அவசரத்துக்குத் தமிழ்நாட்டில் சட்டத்தின் பதில் ஏற்கெனவே இருக்கிறது. தூத்துக்குடியில் ஓர் ஆணுக்கும் ஒரு திருநங்கைக்கும் நடந்த திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்தது தொடர்பான வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு 2019 ஏப்ரல் 22-ல் தீர்ப்பளித்தது. நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அந்தத் திருமணத்தைப் பதியச் சொன்னதோடு நிற்கவில்லை. இன்டர்செக்ஸ், அதாவது இடைப்பாலினக் குழந்தைகளுக்குப் பாலின மாற்று அறுவை சிகிச்சை செய்வதைத் தடை செய்ய அரசாணை வெளியிடுமாறும் உத்தரவிட்டார். தன் பாலினத்தை அங்கீகரிக்க யாரையும் அறுவை சிகிச்சைக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் நால்சா வழக்கில் சொன்னது அதற்கு அடிப்படை. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அந்த அரசாணையை வெளியிட்டது. உயிருக்கு ஆபத்தான நிலை தவிர, கைக்குழந்தைகளுக்கும் சிறுவர்களுக்கும் இத்தகைய அறுவை சிகிச்சை கூடாது. இந்தியாவில் இப்படித் தடை கொண்டுவந்த முதல் மாநிலம் தமிழ்நாடு. உலக அளவில் மால்டா 2015-லேயே இதற்குச் சட்டம் இயற்றியிருந்தது.

எதிர்த் தரப்பின் வாதத்தையும் பார்க்க வேண்டும். சின்ன வயதிலேயே செய்துவிட்டால் குழந்தைக்கு ஞாபகமே இருக்காது, ஸ்கூலில் கேலி இருக்காது, பெற்றோரும் நிம்மதியாக வளர்ப்பார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களில் பலர் குழந்தை மேல் அக்கறை உள்ளவர்கள்தான். பெற்றோரின் பயமும் பொய்யில்லை. அந்தப் பயத்தோடு தினமும் வாழப்போவது நீதிமன்றமோ அரசாணையோ இல்லை, அவர்கள்தான்.

ஆனால் அரோமடேஸின் கதை இந்த வாதத்தின் அடித்தளத்தையே கேள்வி கேட்கிறது. இந்தக் குறைபாட்டோடு பிறக்கும் பெண் குழந்தைக்குக் கருப்பையும் சினைப்பையும் உள்ளே வழக்கம்போலவே இருக்கும். வெளி உறுப்பு மட்டும், வளரும் காலத்தில் ஆண்ட்ரோஜன் பட்டதால் வேறு மாதிரி இருக்கும். வெளியே தெரிவதை வைத்து, காரணம் தெரியும் முன்பே அறுப்பது எப்படிச் சரியாகும்? வெட்டிய பிறகு உணர்ச்சி குறைந்தாலோ, வளர்ந்த பிறகு அந்தக் குழந்தை தன்னை வேறு விதமாக உணர்ந்தாலோ, திருப்பி ஒட்ட முடியாது. ஞாபகம் இருக்காது என்பது சம்மதம் ஆகாது.

அறுவை சிகிச்சையைத் தள்ளிப் போடுவது குழந்தையை அப்படியே விட்டுவிடுவதும் ஆகாது. அரோமடேஸ் குறைபாடு நஞ்சுக்கொடியோடு முடிந்துவிடாது. அதே ஜீன்தான் குழந்தையின் சினைப்பையிலும் எலும்பிலும் வேலை செய்ய வேண்டும். பெண் குழந்தைக்குப் பருவ வயதில் மார்பக வளர்ச்சி தானாக வராது, சினைப்பையில் நீர்க்கட்டிகள் வரலாம். இதே குறைபாடுள்ள ஆண் குழந்தை பிறக்கும்போது எந்த வித்தியாசமும் தெரியாது. வளர்ந்த பிறகும் எலும்பு முனைகள் மூடாமல் உயரம் கூடிக்கொண்டே போகும், எலும்பு பலவீனமாகும். இவற்றுக்கு ஈஸ்ட்ரோஜன் சிகிச்சை இருக்கிறது. பிறந்தபோதே காரணம் தெரிந்துவிட்டால், பத்துப் பன்னிரண்டு வயதில் தேவைப்படும் மருந்துக்கு அன்றே திட்டமிடலாம். அம்மாவிடம் கேட்கப்பட்ட கேள்வி அவ்வளவு தூரம் போகும்.

எல்லா இடைப்பாலினக் குழந்தைகளின் கதையும் அரோமடேஸ் கதை ஆகாது. காரணங்கள் பல. எல்லாமே நோயும் இல்லை, எல்லாவற்றையும் ‘சரி பண்ண’ வேண்டியதும் இல்லை. ஆனால் கேட்பது, பரிசோதிப்பது, காத்திருப்பது என்ற வரிசை எல்லாருக்கும் பொருந்தும். அரசாணை கோட்டையிலிருந்து பிரசவ வார்டு வரை வந்து சேர வேண்டும் என்றால், டாக்டர்களும் நர்ஸ்களும் இந்த வரிசையைப் பெற்றோருக்கு நிதானமாக, அவர்கள் மொழியில் சொல்லித் தர வேண்டும்.

அந்தக் கதவு திறக்கும்போது

அந்தக் குடும்பத்தில் யாராவது ஒருவர் இதைப் படித்திருந்தால் அந்த வாசலில் என்ன மாறும்? “என்ன குழந்தை?” என்ற கேள்விக்கு “டெஸ்ட் எடுக்கணும்” என்று பதில் வந்ததும், அவர் திரும்பி மற்றவர்களிடம் சொல்லலாம்: “இது அவ தப்பு இல்ல. இவன் தப்பும் இல்ல. டாக்டர் காரணத்தைக் கண்டுபிடிக்கட்டும். அதுவரைக்கும் யாரும் எதுவும் பேச வேண்டாம்.” பிறகு உள்ளே போய், களைத்துப் படுத்திருக்கும் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம்: “உனக்கு இந்த மாசங்கள்ல என்னம்மா ஆச்சு? குரல் மாறுச்சா? சொல்லு, டாக்டர்கிட்ட நான் சொல்றேன்.”